எச்சரிக்கை அனுப்பியாகிவிட்டது, ஆட்கள் நகர்ந்தார்களா?

புயல், வெள்ளம், இடி மின்னல், கடும் வெப்பம் என்று வரும்போது மக்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்கலாம், வானொலி நிலையத்தில் இருக்கலாம், தன்னார்வக் குழு ஒன்றின் வாட்ஸ்அப் வேலையைப் பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். வானிலையைக் கணிப்பது உங்கள் வேலை இல்லை, அதை வானிலை மையம் பார்த்துக்கொள்ளும். அவர்கள் சொன்னதைக் கேட்டு ஒருவர் எழுந்து, வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு, நேரத்தோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் உங்கள் வேலை.

புதிதாக வருபவர்கள் பலரும் செய்தியை அனுப்பியதும் கடமை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். 2011 மே 22 அன்று அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஜோப்லின் நகரை ஒரு சுழற்காற்று (டொர்னாடோ) தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை போயிருந்தது, சைரனும் ஒலித்தது. பிறகு விசாரித்தபோது, சைரனைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் உடனே பதுங்கவில்லை என்று தெரிந்தது. சைரன் அடிக்கடி ஒலிக்கும் ஊர் அது. அதனால் வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், வேறு யாராவது இதையே சொல்கிறார்களா என்று தேடினார்கள். இரண்டு மூன்று பக்கமிருந்து உறுதியான பிறகே நகர்ந்தார்கள்.

இதை அலட்சியம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆபத்து என்று காதில் விழுந்ததும் எந்த மனிதனுக்கும் முதலில் கேள்விகள்தான் வரும். நிஜமா? சொல்வது யார்? என் தெருவுக்கா, வேறு எங்கேயோவா? எப்போது? நான் என்ன செய்யணும்? பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பிவிட்டாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை ஆள் அசையமாட்டார். பதில் உங்கள் செய்தியிலேயே இருந்தால் சில நிமிடங்களில் கிளம்புவார், இல்லையென்றால் அதைத் தேடியே அரை மணி நேரம் போய்விடும். கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்த அரை மணி நேரத்தைக் குறைப்பதற்குத்தான்.

வானம் தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டியவை

முதல் வேலை, யார் முடிவெடுப்பார் என்பதை ஒரே ஒரு தாளில் எழுதி வைப்பது. எந்த அளவு எச்சரிக்கை வந்தால் யார் அனுமதி தர வேண்டும், அவர் போன் எடுக்கவில்லை என்றால் அடுத்து யார், அவரும் எடுக்கவில்லை என்றால் பணியில் இருப்பவரே அனுப்பலாமா? கடைசிக் கேள்விக்கு "ஆம், அனுப்பலாம்" என்று கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. கைபேசிகளுக்குப் போக வேண்டிய அவசரச் செய்தியோ இரவு 8 மணிக்குப் பிறகுதான் போனது. அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்துவிட்டது, 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணிப்பு இருந்தது, கருவியும் இருந்தது, நடுவில் இருந்த முடிவுதான் தாமதமானது. உலகெங்கும் எச்சரிக்கைகள் அதிகம் தேங்கி நிற்கும் இடம் இந்த நடுப்பகுதிதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, வாசகங்களை முன்பே எழுதி வைப்பது. புயல் நெருங்கும் இரவில், நாலு போன் ஒரே நேரத்தில் அடிக்கும்போது, நல்ல வாக்கியம் யாருக்கும் வராது. 2005 ஆகஸ்ட் 28 அன்று, கத்ரீனா புயல் கரையேறுவதற்கு முந்தைய நாள், நியூ ஆர்லியன்ஸ் பகுதி வானிலை அலுவலகத்திலிருந்து ராபர்ட் ரிக்ஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பெரும்பாலான பகுதிகள் வாரக்கணக்கில் குடியிருக்க முடியாதவையாகிவிடும், மின்சாரம் போய்விடும், குடிநீர் இல்லாமல் மக்கள் தவிப்பார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. வானிலை அறிக்கை இப்படிப் பேசி அதுவரை பலரும் கேட்டதில்லை. அந்த வாசகங்கள் அன்றைக்கு உட்கார்ந்து யோசித்து எழுதியவை இல்லை. மோசமான புயலுக்கென்று முன்பே தயார் செய்திருந்த மாதிரியை எடுத்து, எந்த வரியை நீக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீக்கும்படி ஒரு வரியும் இல்லை, அப்படியே வெளியிட்டார்.

மூன்றாவது, உங்கள் எல்லைக்குள் யார் யாரை எந்த வழியாகவும் எட்ட முடியாது என்று கண்டுபிடிப்பது. கைபேசி இல்லாத முதியவர், காது கேளாதவர், உள்ளூர் மொழி தெரியாத வேலையாட்கள், இரவு காவல் பார்ப்பவர், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர், கடலுக்குள் இருக்கும் படகு. இவர்களைத் தனியாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் போய்ச் சொல்ல ஓர் ஆளை நியமித்து விடுங்கள். "எல்லோருக்கும் சொல்லியாச்சு" என்ற பேச்சில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள் இவர்கள்தான்.

வானிலைக் குறிப்பைப் படிப்பது

வானிலை மையம் அனுப்பும் குறிப்பை அப்படியே ஃபார்வர்டு செய்வது எளிது. ஆனால் அதன் மொழி உங்களுக்கானது, மக்களுக்கானது இல்லை. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை "அதி கனமழை" என்கிறது. கணக்கு துல்லியமானதுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்பவருக்குத் தன் வீட்டுப் படியைத் தண்ணீர் தாண்டுமா தாண்டாதா என்று தெரியாது. தரைப்பாலம் மூழ்கும், சுரங்கப்பாதையில் போக முடியாது, தாழ்வான தெருக்களில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நிற்கும் என்று மாற்றிச் சொல்வது உங்கள் பங்கு. வானிலை என்னவாக இருக்கும் என்பதோடு நிற்காமல் அது என்ன செய்யும் என்று சொல்லும் இந்த முறையை உலக வானிலை அமைப்பும் வலியுறுத்தி வருகிறது. இதற்கு உள்ளூர் நினைவு தேவை. முந்தைய மழைகளில் எங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பவர் அந்த நேரத்தில் பெரிய சொத்து.

நிறங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டன் போன்ற நாடுகளில் நிறத்தை முடிவு செய்யும்போது நடக்கும் வாய்ப்பு, நடந்தால் வரும் பாதிப்பு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதனால் ஒரே மஞ்சள் "அநேகமாக நடக்கும், பாதிப்பு சிறியது" என்றும் இருக்கலாம், "நடக்க வாய்ப்பு குறைவு, நடந்தால் பெரும் சேதம்" என்றும் இருக்கலாம். வெறும் "மஞ்சள் எச்சரிக்கை" என்று மட்டும் போடாதீர்கள், எந்த மஞ்சள் என்று ஒரு வரி சேருங்கள்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். அந்த எண்கள் கப்பல்களுக்காக ஏற்பட்டவை. இந்தியத் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை உண்டு. 11 என்றால் மிகப் பெரிய புயல் என்று நினைப்பவர்கள் பலர். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பிருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். கரையில் குடியிருப்பவரிடம் கூண்டு எண்ணை மட்டும் சொல்லி ஒரு பயனும் இல்லை.

படம் போடும்போதும் கவனம் வேண்டும். 2004 ஆகஸ்டில் சார்லி புயலின் பாதைப் படத்தில், டாம்பா நகரை நோக்கிப் போன நடுக்கோட்டை மட்டுமே ஃப்ளோரிடாவில் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புயல் திரும்பி, டாம்பாவுக்குத் தெற்கே புன்டா கோர்டா பக்கம் கரையேறியது. அந்த இடமும் எச்சரிக்கை எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் நடுக்கோட்டைப் பார்த்தவர்களுக்கு அது பதியவில்லை. கூம்பு வடிவத்தில் வரும் இந்தப் பாதைப் படம் புயலின் மையம் போகக்கூடிய பாதையைத்தான் காட்டுகிறது. மழையும் காற்றும் அதற்கு வெளியேயும் இருக்கும். முடிந்தால் நடுக்கோடு இல்லாத படத்தைப் போடுங்கள்.

கலைச்சொல் பிரச்சினையின் மிகக் கொடிய உதாரணம் ஹையான். 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸைத் தாக்கிய அந்தப் புயலில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயலோடு கடல்நீர் பொங்கி உள்ளே வரும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அதற்குப் பயன்படுத்திய "ஸ்டார்ம் சர்ஜ்" என்ற கலைச்சொல் டக்லோபான் பகுதியில் பலருக்குப் பிடிபடவில்லை. சுனாமி மாதிரி கடல் உள்ளே வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஆகவே "கடல்நீர் வீட்டுக்குள் வரும், ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வரலாம்" என்று எழுதுங்கள்.

செய்தியை எழுதுவது

டென்னிஸ் மிலெட்டி, ஜான் சோரன்சென் ஆகிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பேரிடர் எச்சரிக்கைகளை ஆராய்ந்தவர்கள். நல்ல எச்சரிக்கையில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு: யார் சொல்கிறார்கள், என்ன ஆபத்து, எந்த இடம், எந்த நேரம்வரை, என்ன செய்ய வேண்டும். மேலே பார்த்த கேள்விகளோடு வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவையேதான்.

நான் அடிக்கடி பார்க்கும் மாதிரி இது:

"கனமழை காரணமாக ஆற்றில் நீர்வரத்து அதிகரித்துள்ளதால் கரையோர மக்கள் பாதுகாப்பாகவும் விழிப்புடனும் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படித்துவிட்டு ஒருவர் என்ன செய்வார்? கரையோரம் என்றால் எவ்வளவு தூரம் வரை? விழிப்புடன் இருப்பது என்றால் தூங்காமல் இருப்பதா? கேட்டுக்கொள்வது யார்? எப்போது எழுதியது? இதையே இப்படி மாற்றலாம்:

"வெள்ளக் கட்டுப்பாட்டு அறை, 14-ஆம் தேதி மாலை 4 மணி. அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் இன்று இரவு 9 மணிக்குள் ஊரை அடையும். பாலத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரைச் சாலைக்கும் ஆற்றுக்கும் இடையில் உள்ள எல்லா வீடுகளுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் வரும். 7 மணிக்குள் கிளம்பி மேட்டில் உள்ள பள்ளிக்குப் போங்கள். பள்ளி திறந்திருக்கிறது, ஆடு மாடுகளுக்கும் இடம் உண்டு. பாலம் 8 மணிக்கு மூடப்படும். அடுத்த தகவல் 6 மணிக்கு."

இதில் சில நுணுக்கங்களைக் கவனியுங்கள். தேதியும் மணியும் மேலேயே இருக்கின்றன. "இன்று இரவு" என்று மட்டும் எழுதிய செய்தி மூன்று நாள் கழித்தும் ஃபார்வர்டு ஆகிச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு முறையும் புதிய பீதியைக் கிளப்பும். படமாகப் போட்டால் தேதி படத்துக்குள்ளேயே இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கூட அது தப்பிப் போகக் கூடாது. இடத்தைச் சொல்லும்போது வார்டு எண்ணைவிட மக்கள் கண்ணால் பார்க்கும் பாலம், சாலை, கோபுரம் மேல். கிளம்ப வேண்டிய கடைசி நேரம் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்னால் தனியாக இருக்கிறது. ஆடு மாடு வரி வீண் அலங்காரம் இல்லை. கால்நடையை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று தங்கிவிடுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, வங்கதேசத்தில் இதற்கென்றே கால்நடைகளுக்கு மேடுகள் கட்டியிருக்கிறார்கள். கடைசியாக, அடுத்த தகவல் எப்போது என்று சொல்லிவிட்டால் வதந்திக்கு இடம் குறையும்.

"எச்சரிக்கையாக இருக்கவும்", "தேவையின்றி வெளியே வர வேண்டாம்" போன்ற வரிகளை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். தேவை இருப்பதாக நினைப்பதால்தான் ஒவ்வொருவரும் வெளியே வருகிறார்கள். பதிலாக அளவோடு சொல்லுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீரே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்திவிடும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். "சாலையில் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள்" என்பது ஒருவர் செய்யக்கூடிய காரியம், "கவனமாக ஓட்டுங்கள்" அப்படி இல்லை.

நீளம்? இடம் கிடைத்தால் முழுதாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கைபேசி அவசரச் செய்தி 2012-இல் தொடங்கியபோது 90 எழுத்துகள்தான். அதற்குள் என்ன செய்வது என்று சொல்ல முடியாமல் பின்னர் 360 ஆக்கினார்கள். சுருக்கமாக இருந்தால்தான் படிப்பார்கள் என்ற நம்பிக்கை விளம்பரத்துக்குச் சரி. உயிர் போகும் விஷயத்தில் குறைவாகச் சொன்னால் மிச்சத்தைத் தேடத்தான் போவார்கள்.

எந்த வழியாக அனுப்புவது

ஒரே வழியை நம்பாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களுக்குக் கருவிகளின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கும்.

குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகப் போகும். லட்சம் பேருக்கு என்றால் வரிசையில் நின்று போகும், நெட்வொர்க் நெரிசலில் மாட்டும். செல் பிராட்காஸ்ட் வேறு. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளையும் ஒரே வீச்சில் எட்டும். யாருடைய எண்ணும் தேவையில்லை, வெளியூர்க்காரருக்கும் போகும், சைலண்டில் இருந்தாலும் உரக்க ஒலிக்கும்படி அமைக்கலாம். ஆனால் அணைத்து வைத்த போனுக்கோ சார்ஜ் தீர்ந்த போனுக்கோ போகாது. பழைய போன்கள் சிலவற்றில் வேலை செய்யாது. புயலில் மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் கோபுரமும் படுத்துவிடும். 2021 ஜூலையில் ஜெர்மனியில் வந்த வெள்ளத்தில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது அங்கே செல் பிராட்காஸ்ட் கிடையாது, செயலியை நிறுவியிருந்தவர்களுக்கே கைபேசி எச்சரிக்கை. 2023 பிப்ரவரியில்தான் செல் பிராட்காஸ்ட் நடைமுறைக்கு வந்தது.

சைரன் வெளியே இருப்பவர்களுக்கானது. கதவைச் சாத்தி மின்விசிறி போட்டுத் தூங்குபவருக்குக் கேட்காது, கேட்டாலும் என்னவென்று சொல்லாது. வானொலி மட்டும் மின்சாரம் போன பிறகும் பேட்டரியில் பேசிக்கொண்டே இருக்கும், அதைப் பழசு என்று ஒதுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட வலுவானது தெரிந்த முகம். வங்கக் கடலில் 1970 நவம்பரில் வந்த புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு வங்கதேசம் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கொடி ஏற்றுவார்கள், மெகாபோனோடு தெருவில் நடப்பார்கள், கதவைத் தட்டுவார்கள். 1991 புயலில் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். வீட்டு ஆண் வந்து சொல்லாமல் கிளம்பத் தயங்கியதும், புகலிடங்கள் பெண்கள் தங்க ஏற்றவையாக இல்லாததும் அதற்குக் காரணங்கள். இன்று அந்தத் தன்னார்வலர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். அந்த நாட்டில் புயல் சாவு பல மடங்கு குறைந்ததற்குச் செயற்கைக்கோளும் காரணம், புகலிடங்களும் காரணம். ஆனாலும் "பக்கத்துத் தெரு அக்கா வந்து கூப்பிட்டாங்க" என்பதற்கு ஈடான தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.

எத்தனை வழியாகச் சொன்னாலும் சொல்வது ஒன்றாகவே இருக்க வேண்டும். வானொலி 7 மணி என்றும் வாட்ஸ்அப் 8 மணி என்றும் சொன்னால் கேட்பவர் இரண்டையும் நம்பாமல் மூன்றாவதைத் தேடுவார். இதற்காகவே பொது எச்சரிக்கை நெறிமுறை என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது, கேப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு முறை எழுதினால் டிவி, கைபேசி, இணையம், சைரன் எல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிக்கலாம், ஒரே எச்சரிக்கையைப் பல மொழிகளில் வைக்கலாம். உங்கள் நாட்டு அமைப்பு இதைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டு, பயிற்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

நள்ளிரவில் பலத்த காற்று வரும் என்று வைத்துக்கொள்வோம். காற்று வலுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே சாலையில் நடமாட முடியாது, ஆகவே எல்லோரும் 8 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். முதியவரை அழைத்துக்கொண்டு போக 2 மணி நேரம், பொருட்களைக் கட்டி வைக்க 2 மணி நேரம், நம்புவதற்கு 1 மணி நேரம். அப்படியென்றால் செய்தி பிற்பகல் 3 மணிக்குள் போயிருக்க வேண்டும். இன்னும் உறுதியாகட்டும் என்று மாலை வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். உறுதி இல்லாவிட்டால் அதையே சொல்லுங்கள்: "வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, வந்தால் வீடு தாங்காது, ஆகவே இப்போதே கிளம்புங்கள்." மக்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கு நிச்சயமின்மை புதிதில்லை.

"வராமல் போய்விட்டால்?" என்ற பயம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. புலி வருது கதையாகிவிடும் என்பார்கள். அமெரிக்காவில் சுழற்காற்று எச்சரிக்கைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் சுழற்காற்று இல்லாமலே முடிகின்றன, ஆனாலும் மக்கள் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. நம்பிக்கையைக் கெடுப்பது வராமல் போன புயலைவிட, அதன் பிறகு வரும் மௌனம் என்பது என் கருத்து. மறுநாளே சொல்லிவிடுங்கள்: புயல் திரும்பி 80 கிலோமீட்டர் வடக்கே போனது, திரும்பாமல் இருந்திருந்தால் இங்கேதான் வந்திருக்கும் என்று. தேவையில்லாத இடத்துக்கு அனுப்பாமல் இருப்பதும் உதவும். அமெரிக்க வானிலைத் துறை 2007 அக்டோபர் முதல் மாவட்டம் முழுமைக்கும் விடாமல், புயல் போகும் பகுதியை மட்டும் வரைபடத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கிறது.

ரத்துச் செய்தியையும் முன்பே எழுதி வையுங்கள். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறான அவசரச் செய்தி போய்விட்டது. அது தவறு என்று கைபேசிகளுக்குத் திருத்தம் போக 38 நிமிடம் ஆனது. திருத்தத்துக்கென்று தயாரான வாசகம் அவர்களிடம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

ஒத்திகை

ஆண்டுக்கு ஒரு முறையாவது நிஜமாக அனுப்பிப் பாருங்கள், முன்கூட்டியே அறிவித்துவிட்டு. 2020 செப்டம்பர் 10 அன்று ஜெர்மனி நாடு முழுவதும் ஒத்திகை நடத்தியது. செயலியில் வர வேண்டிய செய்தி பலருக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஊடகங்கள் கேலி செய்தன, ஆனால் ஒத்திகையின் பயனே அதுதான். பெரிய ஒத்திகைக்கு வசதி இல்லையென்றால் சின்னதாகச் செய்யலாம். நீங்கள் எழுதிய வாசகத்தை அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் நினைத்ததாக இல்லையென்றால் வாசகத்தை மாற்றுங்கள், அவருக்கு விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

மழை விட்ட பிறகு

ஒரு வாரத்துக்குள் பாதிக்கப்பட்ட தெருக்களில் நடந்து விசாரியுங்கள். நாள் தள்ளினால் நினைவு மாறிவிடும். முதலில் யார் சொல்லிக் கேட்டீர்கள், எத்தனை மணிக்கு, கேட்டதும் என்ன செய்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள், கிளம்பவில்லை என்றால் எது தடுத்தது? "செய்தி கிடைத்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கேட்ட நேரத்துக்கும் கிளம்பிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தெருவாரியாகக் குறித்து வையுங்கள். இடைவெளி அதிகமான தெருவில் அடுத்த முறை யார் போய்க் கதவைத் தட்டுவது என்று அந்தத் தெருக்காரர்களையே கேட்டு, அவர் பெயரை மேலே சொன்ன பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.